துணை பிரிந்த குதிரை: அடமா? அச்சமா?

சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தி ஒரு வினாவுடன் என்னிடம் வந்தாள். அவள் பெங்களூரில் குதிரையேற்றம் பயில்கின்றாள். அங்குள்ள இலாயத்தில் இரண்டு குதிரைகள் நெடுநாள் அடுத்தடுத்து வாழ்ந்து வந்தன. ஒருநாள் அவற்றுள் ஒன்றை வேற்றூருக்கு வண்டியில் ஏற்றிச் சென்றுவிட்டனர். எஞ்சிய குதிரை இரண்டு நாள் ஓயாமல் கனைத்தது. தீனியைத் தொடவில்லை. வேலியோரமாக முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தது. "பாட்டி, அது அழுகிறதா, அடம் பிடிக்கிறதா?" என்று பேத்தி கேட்டாள்.

பள்ளிப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு இவ்வினா புதியதன்று. தாயின் முந்தானையை விடாமல் முதல் வகுப்பு வாயிலில் நின்று கதறும் குழந்தையைக் கண்டு, ஒவ்வொரு ஜூன் மாதத்திலும் எவரேனும் கேட்கும் வினாவே இது. இதற்கு நாம் கொள்ளும் விடையைப் பொறுத்தே நம் செயலும் அமைகின்றது. அடம் என்று கொண்டால் கண்டிக்கின்றோம். அச்சம் என்று கொண்டால் தேற்றுகின்றோம். ஆகவே, துணை பிரிந்த குதிரையின் நிலை யாது, அதனைப் பேணும் முறை யாது என்பதை ஒரு பாடமாக வகுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். பெரியோர் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

1. நான் கண்ட ஒரு நிகழ்ச்சி

1969ஆம் ஆண்டு, அந்நாளைய வடாற்காடு மாவட்டத்து ஊர் ஒன்றில் நான் ஆசிரியைப் பயிற்சி பெற்று வந்தேன். எங்கள் விடுதிக்கு எதிரில் ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் குடியிருந்தார். அவரிடம் செவலை ஒன்றும் வெள்ளை ஒன்றுமாக இரண்டு குதிரைகள் இருந்தன. பகலில் ஒன்றை அவரும் மற்றொன்றை அவர் தம்பியும் ஓட்டிச் செல்வர். மாலையில் திரும்பியதும் அவை மெல்லக் கனைத்துக்கொள்ளும். பிறகு எதிரெதிராக நின்று, ஒன்றன் கழுத்தடியை மற்றொன்று பல்லால் நீவிக் கொடுக்கும். விடுதிச் சன்னலில் நின்று நாங்கள் அதனைப் பார்ப்பதுண்டு.

அவ்வாண்டு மகள் திருமணச் செலவிற்காக அவர் வெள்ளைக் குதிரையைச் சந்தையில் விற்றுவிட்டார். அன்றிரவு முதல் செவலை கனைக்கத் தொடங்கியது. கொள்ளையும் புல்லையும் முகர்ந்துவிட்டு ஒதுக்கியது. அயலார் உறக்கம் கெடுவதாகக் குறை கூறினர். அவர் முதலில் அதட்டினார். பின்பு கயிற்றைக் குறுக்கிக் கட்டினார். அதன் பின்பு சவுக்கை எடுத்தார். நான்காம் நாள் இரவு அது கயிற்றை அறுத்துக்கொண்டு, வெள்ளையை ஓட்டிச் சென்ற பாதையிலேயே ஓடியது. இருளில் சாலையோரப் பள்ளத்தில் விழுந்து முன்கால் முறிந்தது.

மறுநாட் காலையில் அவர் அதன் தலைமாட்டில் அமர்ந்திருந்தார். "அடம் பிடிக்குதுன்னு நினைச்சிட்டேன், அம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் கொடியவர் அல்லர். தாம் உண்ணுமுன் குதிரைகளுக்குக் கொள்ளு வைத்தவர். அவருக்கு அன்பு இருந்தது. இன்னது செய்ய வேண்டும் என்னும் அறிவுதான் கிட்டவில்லை. அந்த அறிவையே இனி முறையாகக் காண்போம்.

2. குதிரை தனிமையை அஞ்சுவது ஏன்?

குதிரை மந்தையாக வாழும் விலங்கு. கொம்போ கூரிய நகமோ அதற்கு இல்லை. ஆபத்தைத் தொலைவிலேயே அறிந்து ஓடுவதே அதன் முதற் காப்பு. இக்காப்பு மந்தையில் பங்கிடப்படுகின்றது. ஒன்று மேயும்போது மற்றொன்று தலை நிமிர்ந்து பார்க்கும். ஒன்று படுக்கும்போது மற்றொன்று நின்று காக்கும். தனித்த குதிரைக்கோ காவலும் தானே, மேய்ச்சலும் தானே.

உறக்கத்தை எடுத்துக்கொள்வோம். குதிரை நின்றபடியே உறங்கும் என்பதை நாம் அறிவோம். ஆயினும் கனவுநிலையோடு கூடிய ஆழ்ந்த உறக்கத்திற்கு அது படுத்தாக வேண்டும். நாள்தோறும் ஏறத்தாழ அரைமணி முதல் ஒரு மணி நேரம் அவ்வுறக்கம் தேவை. காவலுக்குத் துணையில்லை என்று உணரும் குதிரை படுக்க அஞ்சும். பல நாள் அவ்வாறு கழிந்தால், நின்ற நிலையிலேயே கண் சொருகி, முழங்கால் மடங்கி விழ நேரிடும்.

எல்லாக் குதிரைகளும் அதற்கு ஒன்றுபோல் தோழமை ஆவதுமில்லை. மந்தைக்குள்ளும் அது தனக்கென ஒன்றிரண்டு தோழமைகளைத் தேர்ந்துகொள்கின்றது. அத்தோழமை பல ஆண்டுகள் நீடிப்பதுண்டு.

3. ஆய்வுகள் காட்டும் உண்மை

குதிரைக்கு இத்துணை உணர்வு உண்டோ என ஐயுறுவோர்க்கு மூன்று ஆய்வுகளைக் கூறுவேன்.

முதலாவது, 1993ஆம் ஆண்டில் வெளியானது. பிரான்சு நாட்டுக் கமார்க் பகுதிக் குதிரைகளை ஃபே, தெ மசியேர் என்னும் இருவர் ஆராய்ந்தனர். குதிரைகள் ஒன்றையொன்று நீவிக்கொள்ளும் இடமாகிய கழுத்தடியையும் தோள்மேட்டையும் மனிதர் தேய்த்துக் கொடுத்தபோது குதிரையின் நெஞ்சுத்துடிப்பு குறைந்தது. பிற இடத்தில் தேய்த்தபோது அப்பயன் கிட்டவில்லை. அந்தச் செவலையும் வெள்ளையும் மாலைதோறும் செய்துகொண்டது வெறும் விளையாட்டன்று; ஒன்றற்கு மற்றொன்று அளித்த ஆறுதல் அது.

இரண்டாவது, 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சசெக்சுப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. ஒரு குதிரையின் கண்முன்னே மந்தைத் தோழமை ஒன்றை நடத்திச் சென்று மறைவிடத்தில் நிறுத்தினர். பின்பு வேறொரு குதிரையின் கனைப்பை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தனர். கண்ட உருவமும் கேட்ட குரலும் பொருந்தாதபோது, குதிரை விரைந்து திரும்பி நெடுநேரம் உற்றுப் பார்த்தது. இன்ன குரல் இன்ன குதிரையுடையது என்பதை அது அறிந்துள்ளது என்பதே இதன் பொருள்.

மூன்றாவது நம் பாடத்திற்கு மிக அணுக்கமானது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் எலோடி பிரீஃபர் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும், குதிரைக் குழுக்களிலிருந்து ஒரு குதிரையைப் பிரித்து, மீண்டும் சேர்த்து, உடனிருந்தவற்றின் கனைப்பைப் பதிவு செய்தனர். 2015ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. ஒரே கனைப்பில் இரண்டு அடிப்படை ஒலிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று உணர்ச்சியின் வேகத்தையும், மற்றொன்று அது இன்பமா துன்பமா என்பதையும் காட்டுகின்றது. துணை திரும்பியபோது எழுந்த கனைப்பு குறுகியது. பிரிந்தபோது எழுந்தது நீண்டது. 'ஏதோ கத்துகின்றது' என்று நாம் தள்ளிவிடும் ஒலியில் இத்துணைச் செய்தி அடங்கியுள்ளது.

4. அறிகுறிகள்

துணை பிரிந்த குதிரையிடம் காணத்தக்கன இவை:

(அ) இடைவிடாத கனைப்பு. துணை சென்ற திசையை நோக்கி நிமிர்ந்த தலை.
(ஆ) வேலியோரமாகவோ கொட்டிலுக்குள் வட்டமாகவோ ஓயாத நடை.
(இ) முன்காலால் தரையைப் பறித்தல். தலையையும் கழுத்தையும் இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருத்தல்.
(ஈ) வியர்வை, அடிக்கடி இளகிய சாணம்.
(உ) தீனியையும் நீரையும் ஒதுக்குதல்.

இவற்றுள் இறுதியானதே பெரிதும் கவலைக்குரியது. குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாது சுரந்துகொண்டிருக்கும். நாளின் பெரும்பகுதி மேய்வதற்கென அமைந்த உடல் அது. நெடுநேரம் வயிறு வெறுமையாயின் புண் உண்டாகும்; குடல் இயக்கம் தடைப்பட்டுக் கடும் வயிற்றுவலியும் நேரலாம். அமைதியாக நிற்கும் வளர்ந்த குதிரையின் நெஞ்சுத்துடிப்பு நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை இருக்கும். அமைதியுற்ற பின்னரும் அது குறையாதிருந்தாலும், குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலும், தரையில் புரண்டாலும் கால்நடை மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும். நோயைத் துயரம் என்று எண்ணிக் காலந்தாழ்த்துதல் கூடாது.

5. பிரிவிற்குப் பழக்கும் முறை

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலிற் கற்பித்த விதிகள் இரண்டு. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க. எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்க. குதிரைக்கும் இவையே போதும்.

முதற்படி: இரண்டு குதிரைகளும் வயிறார மேய்ந்து அமைதியாக உள்ள வேளையைத் தேர்க. நிற்கவேண்டிய குதிரையின் முன் நல்ல உலர்புல்லை இடுக. ஒருவர் அதனருகே நிற்க, மற்றொருவர் துணைக்குதிரையைப் பத்தடி நடத்திச் சென்று உடனே திரும்புக.

இரண்டாம்படி: தலை நிமிர்ந்து பார்த்த குதிரை மீண்டும் குனிந்து தின்னத் தொடங்குமானால், அதுவே தேர்ச்சி. அதன் பின்னரே இருபதடி, ஐம்பதடி எனத் தொலைவைக் கூட்டுக. துணை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கட்டும்.

மூன்றாம்படி: துணையைச் சுவரின் பின்னே சில நொடிகள் மட்டும் மறைத்துத் திரும்பக் கொணர்க. பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என நீட்டுக. இடையிடையே எளிய பாடத்தையும் கலந்து வைக்க. ஒவ்வொரு முறையும் முன்னதினும் நீண்டே இருப்பின் குதிரை நம்பிக்கை இழக்கும்.

நான்காம்படி: பாத்திரத்தை மாற்றுக. நின்ற குதிரையை நடத்திச் செல்க. சென்றதை நிற்கச் செய்க. செல்லுதலும் நிற்றலும் தனித்தனிப் பாடங்கள். ஒன்றைக் கற்றதனால் மற்றொன்றையும் கற்றுவிட்டதென்று கொள்ளலாகாது.

எப்படியிலேனும் குதிரை தின்பதை நிறுத்தி நடக்கவும் கனைக்கவும் தொடங்குமானால், தவறு மாணவனுடையதன்று. ஆசிரியர் விரைந்துவிட்டார் என்பதே பொருள். முந்தைய படிக்குத் திரும்புக. சில குதிரைகளுக்கு ஒரு வாரம் போதும். சிலவற்றிற்குப் பல வாரங்கள் வேண்டும்.

'கத்தி ஓயட்டும், தானே அடங்கும்' என்று கூறுவாரும் உளர். ஓய்ந்தது உண்மையே, கற்றதா என்பதே வினா. அழுது களைத்து மூலையில் உறங்கிவிட்ட குழந்தை, பள்ளியை விரும்பத் தொடங்கிவிட்டது என்று எந்த நல்லாசிரியரும் எழுதமாட்டார்.

6. பிரியும் நாளில்

நிலையாகப் பிரிக்க நேருமாயின், பெரும்பாலும் நம் கவனமெல்லாம் செல்லும் குதிரையின் மீதே இருக்கும். வண்டி, கயிறு, தீனி, மருத்துவச் சான்று என அதற்கே ஆயத்தம் செய்வோம். நிற்கும் குதிரையை எவரும் நினைப்பதில்லை. இதுவே வழக்கமாக நேரும் பிழை.

இரண்டே குதிரைகள் உள்ள இடத்தில், பிரிவிற்குச் சில வாரங்கள் முன்பே மூன்றாவது ஒன்றைச் சேர்த்தல் நலம். முதலில் வேலிக்கு அப்பால் நிறுத்தி முகர்ந்து பழகவிட்டு, பின்பு ஒன்றாக மேயவிடுக. அன்றைய நாளில், பழகிய துணை உடனிருக்கட்டும். வேலியில் முள்ளோ தளர்ந்த கம்பியோ இல்லாதபடி முன்னரே சரிபார்க்க. உலர்புல்லும் நீரும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். திறந்த வெளிக்குப் பழகிய குதிரையை அன்று கொட்டிலில் தனியே அடைத்தல் கூடாது. பழகிய ஒருவர் அருகிலிருந்து, தட்டிக் கொடுப்பதற்கு மாறாகத் தோள்மேட்டைச் சொறிந்து கொடுப்பாராக. ஆயினும் வெருண்டு சுழலும் குதிரைக்கும் வேலிக்கும் இடையே ஒருவரும் நிற்கலாகாது. நல்லெண்ணம் உதையிலிருந்து நம்மைக் காவாது.

துணை இறந்துபோயின், எஞ்சிய குதிரை அவ்வுடலை அணுகி முகர்ந்து விலகச் சிறிது நேரம் அளிக்குமாறு கால்நடை மருத்துவர் பலர் கூறுவர். தேடுவதற்கு இனி ஒன்றுமில்லை என்பதை அது தன் வழியில் அறிந்துகொள்ளட்டும்.

7. துணையைத் தேர்வது யார்?

அமெரிக்கப் பந்தயக் குதிரை சீபிஸ்கட்டின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1936ஆம் ஆண்டில் சார்லஸ் ஹோவர்டு என்பவர் அதனை வாங்கிப் பயிற்சியாளர் டாம் ஸ்மித்திடம் ஒப்படைத்தார். அப்போது அது மெலிந்து, தீனி மறுத்து, கொட்டிலுக்குள் ஓயாது சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்மித் அதற்குத் துணையாக வெள்ளாடு ஒன்றைக் கொட்டிலில் விட்டார். சீபிஸ்கட் அதனைப் பல்லால் கவ்வி உதறி வெளியே போட்டுவிட்டது! ஸ்மித் சினக்கவில்லை. பம்ப்கின் என்னும் சாந்தமான குதிரையைக் கொணர்ந்தார். இரண்டிற்கும் மனம் ஒத்துப்போகவே, இடைச்சுவரை இடித்து இரு கொட்டில்களை ஒன்றாக்கினார். சீபிஸ்கட் தின்றது, படுத்துறங்கியது. 1938 நவம்பர் முதல் நாள், பெயர்பெற்ற வார் அட்மிரல் குதிரையை நேருக்கு நேர் பந்தயத்தில் அது வென்றது. சவுக்கு செய்ய இயலாததை ஒரு சுவரை இடித்தது செய்தது. துணையை நாம் கொணரலாம். ஏற்பதும் மறுப்பதும் குதிரையின் உரிமை.

வேறு குதிரை கிட்டாதவிடத்து ஆடோ கழுதையோ துணையாவதுண்டு. எனினும் தன்னினமே முதன்மை. கொட்டிலில் உடையாத கண்ணாடி பொருத்தியபோது, தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் குதிரைகளிடம் அப்பழக்கம் பெரிதும் குறைந்ததை 2002ஆம் ஆண்டின் ஆய்வொன்று கண்டது. இது சிறுபொழுதுத் தனிமைக்கு உதவும் ஏற்பாடே அன்றித் தோழமைக்கு ஈடாகாது. சுவிட்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு ஆணை, குதிரையினத்து விலங்கு ஒவ்வொன்றும் தன்னினத்தில் மற்றொன்றைக் காணவும் கேட்கவும் முகரவும் கூடிய நிலையில் இருத்தல் வேண்டும் எனச் சட்டமாகவே விதித்துள்ளது.

8. குட்டியும் கழுதையும்

பிரிவுகளில் கடியது தாயும் குட்டியும் பிரிவது. இயற்கையில் அடுத்த குட்டி பிறக்குமுன், ஏறத்தாழ பத்துமாத அளவில், தாய் சிறிது சிறிதாகப் பால் மறக்கச் செய்யும். பண்ணைகளிலோ நான்கு முதல் ஆறு மாதத்திலேயே பிரித்துவிடுவர். இங்கிலாந்தில் 225 இளங்குதிரைகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பால் மறந்தபோது கொட்டிலில் அடைக்கப்பட்டவை, புல்வெளியில் விடப்பட்டவற்றைக் காட்டிலும் மிகுதியாக மரம் கடித்தல், ஓயாது நடத்தல் முதலிய மாறாப் பழக்கங்களுக்கு ஆளாயின. இளமையில் பட்ட வடு முதுமை வரை நிற்கின்றது.

கழுதை குதிரைக்கு உறவு. நம் ஊர்களில் சலவைத் தொழிலாளர் வளர்த்த கழுதைகள் இரண்டிரண்டாக நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். இணை பிரிந்த கழுதை குதிரையைப்போல் ஆரவாரம் செய்யாது, வாளா நிற்கும். அதனாலேயே அதன் துன்பம் நம் கண்ணிற்படுவதில்லை. தீனி மறுத்த சில நாட்களில் அதன் இரத்தத்தில் கொழுப்பு மிகுந்து உயிருக்கே கேடு விளையலாம். இங்கிலாந்தில் 1969இல் தொடங்கப்பெற்ற கழுதைக் காப்பகம், இணைந்த கழுதைகளைப் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்துப் பேணுவது இதுபற்றியே. சத்தமிடாத குழந்தைக்குத் துன்பமில்லை என்று எண்ணும் பிழையை வகுப்பறையில் நானும் செய்திருக்கின்றேன்.

9. செய்யத்தகாதவை

அடித்தல் கூடாது. அச்சத்தோடு வலியும் சேர்ந்தால் அச்சம் இரட்டிக்குமேயன்றிக் குறையாது. குறுங்கயிற்றால் கட்டுதல் கூடாது. ஓடித் தப்பும் இயல்புடைய விலங்கைக் கட்டிவைப்பது அதன் வெருட்சியை மிகுவிக்கும். பணியவைக்கத் தீனியைக் குறைத்தல் கூடாது. கட்டுதல், அடித்தல், உணவும் நீரும் தடுத்தல் ஆகியன கொல்லாமை விரதத்திற்கு இழுக்கு என்று நம் இல்லங்களில் இளமையிலேயே கற்பிக்கின்றோம். அவை பயனற்ற செயல்களும் ஆம் என்பதை இன்றைய ஆய்வும் காட்டுகின்றது.

10. தொகுப்புரை

என் பேத்திக்கு நான் கூறிய விடை இதுதான்: "அது அடமன்று, அம்மா, அச்சம். கண்ணீர் விட்டு அழுவதன்று. ஆனால் தன் காவலை இழந்து, 'எங்கே இருக்கின்றாய்?' என்று கூப்பிடுகின்றது. அதற்கு விடை சொல்லத் துணை இல்லை. ஆதலால் நாம் விடை சொல்ல வேண்டும். புல்லாலும், பொறுமையாலும், மற்றொரு துணையாலும்."

மறுவாரம் அவள் தொலைபேசியில் பேசினாள். பயிற்சியாளரிடம் கேட்டு, அடுத்த கொட்டிலுக்கு வயது முதிர்ந்த குதிரை ஒன்றை மாற்றினராம். இரண்டாம் நாள் அது தலை குனிந்து புல் தின்றதாம். "படுத்துக்கூட உறங்கியது, பாட்டி" என்றாள்.

அந்தச் செவலைக்கு அவ்வாறு சொல்ல அன்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதன் பொருட்டே இப்பாடத்தை எழுதினேன்.

சிந்திக்கச் சில வினாக்கள்:

(1) குதிரை ஆழ்ந்து உறங்குவதற்குத் துணை தேவைப்படுவது ஏன்?
(2) பிரிவிற்குப் பழக்கும்போது அடுத்த படிக்குச் செல்லலாம் என்பதை எதனால் அறிவோம்?
(3) 'ஓய்தல்', 'கற்றல்' ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
(4) உங்கள் இல்லத்திலோ தெருவிலோ, துணை பிரிந்தபின் மாறுதல் காட்டிய மாடு, ஆடு, நாய் ஏதேனும் உண்டா? அப்போது நீங்கள் செய்தது என்ன? இப்போதாயின் என்ன செய்வீர்கள்?